பெயர்ப்பலகை இல்லாத மாதம்

எங்கள் நிதி நிறுவனம் இன்னொரு நிறுவனத்தோடு இணையப்போகிறது என்பதைக் கண்டிக் கிளையில் இருந்த நாங்கள் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அன்று பின்னேரம் கொழும்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒருவருடைய வேலைக்கும் ஆபத்தில்லை, எல்லோரும் வழமைபோல் கடமையைச் செய்யுங்கள் என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தார்கள். அன்று மத்தியானம் ஆங்கிலத்தை அனுப்பி அவசரமாகக் கேட்டார்கள், அதன் தமிழ்ப் பகுதியை எழுதியவள் நான்தான்.

கிளையின் தமிழ்க் கடிதங்கள் எல்லாம் என் பொறுப்பு. லீசிங்கில் வாகனம் எடுத்தவர்களுக்குத் தவணை நினைவூட்டல், பிறகு எச்சரிக்கை, அதற்கும் பிறகு இறுதி அறிவித்தல். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்கித் தட்டச்சு செய்து, உறையில் போட்டு அனுப்புவேன். இருபத்தைந்து வருடங்களில் எத்தனை ஆயிரம் கடிதங்கள் அனுப்பினேனோ, அவற்றைப் பிரித்துப் படித்தவர்களின் முகங்களை அநேகமாக நான் பார்த்ததில்லை.

ஐந்து மாதம் கழித்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. ‘சுயவிருப்பு ஓய்வுத் திட்டம்’ என்று அதற்குப் பெயர். மலைநாட்டுக் கிளைகளில் இருக்கும் தமிழ் ஊழியர்களுக்குக் கொடுப்பதற்காக மொழிபெயர்க்க வேண்டும், அவசரம் என்று முகாமையாளர் சொன்னார். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனிதர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை அப்போது நான் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. ஒரு காலை முழுவதும் அந்தக் கடிதத்தோடு இருந்தேன். வேலையை விட்டுப் போகிறவர் ஒப்பமிட வேண்டிய ஒரு வரி அதில் இருந்தது. அதற்குப் பல சொற்களைப் போட்டுப் பார்த்து, கடைசியில் ‘எவருடைய வற்புறுத்தலுமின்றி, எனது சொந்த விருப்பின் பேரில்’ என்று எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்தக் கடிதம் என் மேசைக்கு வந்தது. உறையின் மேல் என் பெயர் இருந்தது. உள்ளே என்னுடைய தமிழ்.

பட்டியலில் எங்கள் கிளையிலிருந்து பதினொரு பேர் இருந்தோம். மற்ற நிறுவனத்தின் கிளை இரண்டு தெரு தள்ளி இருந்ததால் கண்டியில் இனி ஒரு கிளை போதும் என்றார்கள். தமிழ்க் கடிதங்களை இனிமேல் கொழும்பில் ஒரு கணினி எழுதும் என்றும் கேள்விப்பட்டேன்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் பதினொரு பேரும் கூடினோம். ஒருவரும் தனியாகக் கையெழுத்து வைப்பதில்லை, பேசுவதென்றால் எல்லோருமாகப் பேசுவது என்று முடிவெடுத்தோம். வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினோம். முதல் இரண்டு நாள் அதில் ஓயாமல் செய்தி வந்துகொண்டிருந்தது. சட்டம், வழக்கு, தொழில் திணைக்களம் என்று ஆளுக்கொன்று எழுதினார்கள். மூன்றாம் நாளிலிருந்து குறைந்தது. பிறகு ஒவ்வொருவராகக் குழுவிலிருந்து விலகினார்கள். ஒருவர் விலகினால் அவர் கையெழுத்து வைத்துவிட்டார் என்று அர்த்தம். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டாவது கிழமை முடிவில் அதில் நானும் நானாவும்தான் மிச்சம்.

முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நானா என்று நான் கூப்பிட்ட அவர் அக்குறணையைச் சேர்ந்தவர். தவணை அறவிடும் பகுதியில் இருந்தார். நான் கடிதம் எழுதுவேன். கடிதத்துக்கு மசியாதவர்களின் வீட்டுக்கு அவர் போவார். அதற்கும் மசியாவிட்டால் வாகனத்தைக் கொண்டுவருவார். இருபத்தைந்து வருடமாகப் பக்கத்து மேசை. நோன்பு காலத்தில் அவர் பார்க்க நான் தேத்தண்ணீர் குடித்ததில்லை. தீபாவளிக்கு அடுத்த நாள் நான் கொண்டுவரும் முறுக்கை அவர்தான் எல்லோருக்கும் பங்கு வைப்பார்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவர் என் மேசையில் வந்து நின்றார்.

"தங்கச்சி, நான் வெச்சிட்டேன்."

ஒட்டிக்கொண்டிருந்த உறையைக் கீழே வைத்தேன்.

"எனக்கு இனி சண்ட பிடிக்க ஏலா. அம்பத்தெட்டு வயசு ஈக்கிது. தம்பிட கடையில ஒரு மூலையில இருக்கச் சொல்றான். நீங்களும் வெச்சிட்டுப் போங்க. இவங்களோட மோதி என்னத்தக் காணப் போற?"

"நம்மட முதல் ஆறு வருஷத்தையும் அவங்க கணக்கில எடுக்கலையே நானா" என்றேன்.

"அது அந்தக் காலம்" என்றார். "அத விடுங்க."

அந்த ஆறு வருடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் முதலில் சேர்ந்தது கண்டியில் ஒரு குடும்பம் நடத்திய சின்னக் கம்பனியில். அதைத்தான் இந்தக் கொழும்பு நிறுவனம் பின்னர் வாங்கியது. ஆகவே என் வாழ்க்கையில் இது இரண்டாவது இணைப்பு. முதல் தடவை எனக்கு இருபத்தெட்டு வயது. அழகான தலைப்பு அச்சிட்ட புதிய நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கிய சந்தோஷத்தில் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டேன். அம்மாவிடம் காட்டி, பெரிய கம்பனி என்று பெருமைப்பட்டேன். இப்போது தந்த கடிதத்தில் என் சேவைக்காலம் பத்தொன்பது வருடம் என்று இருந்தது. சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் இத்தனை மாதச் சம்பளம் என்பதுதான் திட்டம். என் இளமையின் ஆறு வருடம் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு தொழில் திணைக்களத்தின் கண்டிக் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி மாதாமாதம் சம்பளத்தோடு கட்டப்படும் என் சேமலாப நிதியின் கூற்றைக் கணினியில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மாதத்தைச் சுட்டிக்காட்டினார். பழைய கம்பனியின் கடைசிப் பங்களிப்புக்கும் புதிய நிறுவனத்தின் முதல் பங்களிப்புக்கும் நடுவில் ஒரு மாதம் வெறுமையாக இருந்தது. அந்த இடைவெளியை வைத்துத்தான், நீங்கள் அங்கிருந்து விலகிப் பிறகு புதிதாக இங்கே சேர்ந்தவர் என்று சொல்வார்கள் என்றார். அந்த மாதத்திலும் அதே இடத்தில் அதே வேலையைச் செய்தீர்கள் என்று காட்ட முடியுமானால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் வழக்கென்று போனால் வருடக்கணக்காகும், முதலில் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார்.

குண்டசாலை பஸ்ஸில் திரும்பும்போது அந்த மாதத்தை யோசித்துக்கொண்டே வந்தேன். பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். புதியது கொழும்பிலிருந்து வரவில்லை. வாசலுக்கு மேல் நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. ஆனால் நாங்கள் தினமும் போனோம், வேலை செய்தோம். அந்த மாதச் சம்பளத்தைப் பழைய முதலாளி தன் வீட்டில் வைத்து உறையில் போட்டுத் தந்தார்.

வீட்டுக்கு வந்து இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. நான் வாடகைக்கு இருப்பது ஒரு வீட்டின் பின்பக்கத்தில் உள்ள இரண்டு அறைகளில். அம்மா இருந்தவரை, வந்ததும் வராததுமாகக் கந்தோர்க் கதைகளைக் கொட்டுவேன். அவர் போய் இரண்டு வருடம். தம்பி டோஹாவில். அழைத்தேன். வேலையில் இருக்கிறேன், அக்கா, வெள்ளிக்கிழமை பேசுகிறேன் என்றான். வெள்ளிக்கிழமை பேசியபோது, "குடுக்கிறத வாங்கிக்கிட்டு ரெஸ்ட் எடுங்கக்கா" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதற்குப் பிறகு அவனிடம் இதைப் பேசவில்லை.

அந்த ஆறு வருடத்தையும் சேர்க்கச் சொல்லித் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினேன். பேச்சுவார்த்தைக்குக் கொழும்பிலிருந்து மனிதவளப் பகுதிப் பெண் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்தவர், முப்பத்தைந்து வயதிருக்கலாம். சந்திப்பு, இணைந்த புதிய கிளையின் கண்ணாடி அறையில். நான் கதிரையில் உட்காரும் முன்பே தண்ணீர் ஊற்றித் தந்தார்.

"அக்கா, உங்கடை கடிதம் வாசிச்சனான். எனக்கு விளங்குது. ஆனால் உங்களுக்கு மட்டும் விசேஷமாச் செய்ய ஏலாது."

"விசேஷமா ஒண்ணும் கேக்கலங்க. நான் வேலை செஞ்ச வருஷத்த எண்ணச் சொல்றேன்."

"ஓம். ஆனால் அந்த ஒரு மாசம் நீங்கள் வேலையிலை இருந்தது எண்டதுக்கு எங்களிட்டை ஒரு பதிவும் இல்லை."

"உங்ககிட்ட இல்லைங்கிறதுக்காக நான் இல்லாம போயிருவேனா?"

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். "ஏதாவது எழுத்திலை இருந்தாக் கொண்டு வாங்கோ அக்கா. நான் திரும்பவும் வாறன். கடைசித் திகதி மாத முடிவு" என்றார்.

எழுத்தில் என்னிடம் ஒன்றும் இல்லை. சம்பள உறையை யார் வைத்திருப்பார்கள்? பழைய முதலாளி இறந்துவிட்டார், பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில். அந்தக் காலத்து ஒப்பந்தங்களையெல்லாம் நிறுவனம் எப்போதோ அழித்துவிட்டது. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் அந்த த்ரீவீலர்க்காரர் நினைவுக்கு வந்தார். அந்த மாதம் கொழும்பு நிறுவனத்தின் படிவத்தில் நாங்கள் எழுதிய முதல் ஒப்பந்தம் அவருடையது. மடுல்கெல்லவிலிருந்து வந்தவர். "போர்டு இல்லாத கம்பெனிய எப்பிடிங்க நம்புறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். வாடிக்கையாளருக்கு ஒரு பிரதி கொடுப்பது வழக்கம். அதில் சாட்சியாக நான் ஒப்பமிட்டிருந்தேன்.

அவருடைய பெயர் மறக்காமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வருடம் கழித்து அவருக்கு இறுதி அறிவித்தல் அனுப்பியதும் நான்தான்.

நானாவைத் தொலைபேசியில் அழைத்து விலாசம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அந்த வண்டிய எடுத்தது நான்தானே. எப்பிடி மறக்கிற?" என்றவர், இறங்க வேண்டிய இடம், ஏற வேண்டிய படி, கோயிலுக்குக் கீழே எத்தனையாவது வீடு என்று எல்லாவற்றையும் சொன்னார். "போய்ப் பாருங்க. நான் சொன்ன எண்டு மட்டும் சொல்லாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை வத்தேகம வழியாகப் போகும் பஸ்ஸில் போனேன். பன்விலையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நானா சொன்ன இடத்திலேயே வீடு இருந்தது. அவருக்கு இப்போது அறுபதுக்குக் கிட்ட இருக்கும். வேறொருவருடைய த்ரீவீலரை வாடகைக்கு ஓட்டுகிறாராம். நிறுவனத்தின் பெயரைச் சொன்னதும் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"இன்னும் என்னங்க இருக்கு? எல்லாந்தான் முடிஞ்சிருச்சே."

"கம்பெனிக்காக வரலைங்க. கம்பெனி என்னைய வெளிய அனுப்புது. அது விஷயமாத்தான் வந்தேன்."

அவருடைய மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். த்ரீவீலர்க்காரர் இடைமறிக்காமல் கேட்டார். முடித்ததும், "அந்தக் கடைசி லெட்டர எழுதுனது நீங்களா?" என்றார்.

"இங்கிலீஷ்ல வரும். தமிழ்ல எழுதுனது நான்."

"அதுல ‘தயவு தாட்சண்யமின்றி’னு ஒரு சொல்லு இருந்துச்சு. எனக்கு வெளங்கல. அஞ்சாம் வகுப்புப் படிச்ச எம் மககிட்ட குடுத்து என்னன்னு கேட்டேன். அவளுக்கும் தெரியல. அடுத்த நாள் ஸ்கூல்ல டீச்சர்கிட்ட கேட்டுக்கிட்டு வந்து சொன்னா."

ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. வாக்கியம் உறுதியாக ஒலிக்க வேண்டும் என்று நானாகச் சேர்த்தது. வருடக்கணக்காக எல்லா இறுதி அறிவித்தல்களிலும் அது இருந்தது. அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. அவருடைய மனைவி பாலில்லாத சாயத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன்.

அவர் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். ஒப்பந்தம், தவணைச் சிட்டைகள், என் கடிதங்கள், எல்லாம் அடுக்காக இருந்தன. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் திகதி தெளிவாக இருந்தது, அந்த மாதத்தின் நடுப்பகுதி. கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே இரண்டாவது சாட்சியாக நானாவின் கையெழுத்து.

"கொப்பி எடுத்துக்கங்க. ஒரிஜினலத் தர மாட்டேன்" என்றார். "நானும் கூட வர்றேன்."

குடையோடு கடைத்தெருவரை வந்தார். ஒரு கொமியூனிகேஷன் கடையில் பிரதி எடுத்து முடியும்வரை பக்கத்திலேயே நின்று, மூலத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். இத்தனை வருடம் இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அந்த வண்டிக்குனு எங்கிட்ட இருக்கிறது இதுதானே."

பஸ் வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று அரை மணி நேரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். "கெடச்சா சரி" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். பஸ் வத்தேகமவுக்கு வரும்வரை அந்தப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, அதை எடுத்துப் பார்க்காமலே வந்தேன்.

இரண்டாவது சந்திப்பில் மனிதவளப் பெண் அந்தப் பிரதியை நீண்ட நேரம் பார்த்தார்.

"இது எங்கடை படிவந்தான்."

"ஆமாங்க. உங்க படிவத்தில, உங்க ஆளா நான் கையெழுத்து வச்சிருக்கேன். வேலையில இல்லாதவள எப்பிடிச் சாட்சிக்கு எடுத்தீங்க?"

அவர் விரலை வரிக்குக் கீழே கொண்டுபோனார். "மற்றச் சாட்சி ஆர்?"

சொன்னேன். அவர் தன் பட்டியலைப் பார்த்தார். "அவர் கையெழுத்து வச்சிட்டார் அக்கா. அது முடிஞ்சுது."

"அவருக்கும் இதே ஆறு வருஷந்தானே."

"முடிஞ்சுது" என்று மறுபடியும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. "உங்கடையை மட்டும் கதைப்பம்."

அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்கலாம். அவருக்கும் சேர்த்தால்தான் பேசுவேன் என்று சொல்லியிருக்கலாம். இன்றுவரை அந்தக் கதிரையைப் பற்றி நினைக்கிறேன். நான் எழும்பவில்லை.

அவர் வெளியே போய்க் கொழும்போடு தொலைபேசியில் பேசிவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். ஆறு வருடத்தையும் சேர்க்கலாம், ஆனால் பாதி வீதத்தில் என்றார்.

"பாதி நாள் வேலை செஞ்ச ஞாபகம் எனக்கு இல்லைங்க" என்றேன். தொழில் கந்தோரில் முறைப்பாட்டுப் படிவம் வாங்கி நிரப்பியும் வைத்திருக்கிறேன் என்று அதை மேசையில் வைத்தேன். அவர் மறுபடியும் வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால், புதிய கிளையின் பிள்ளைகள் கணினிகளுக்கு முன்னால் இருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திரும்பி வந்தவர் முழுதாகத் தருவதாகச் சொன்னார். இன்னும் ஒன்று கேட்டேன்: ‘எனது சொந்த விருப்பின் பேரில்’ என்ற வரியை எடுக்க வேண்டும்.

"அதை ஏன் அக்கா மாத்தச் சொல்றியள்? அதாலை உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லையே."

"நான் விரும்பிப் போகலையே."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். கடைசியில் ‘நிறுவன இணைப்பின் காரணமாக, இருதரப்பு உடன்பாட்டின் பேரில்’ என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் மாற்றுவதற்கு ஒத்துக்கொண்டார். அதற்குப் பதிலாக அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். எனக்குக் கிடைத்ததை வேறு எவரிடமும் சொல்லக் கூடாது, முக்கியமாகப் பழைய ஊழியர்களிடம். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். அந்த வரியையும் படித்தேன். தொகையை இங்கேயும் சொல்லவில்லை.

கடைசி நாளில் முகாமையாளர் கேக் வாங்கி வைத்திருந்தார். பட்டியலில் இருந்தவர்களில் நான்தான் கடைசி, மற்றவர்கள் ஏற்கனவே போய்விட்டார்கள். வெட்டிய துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றபோது, பங்கு வைக்க ஆளில்லை என்று தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து அக்குறணைக்குப் போனேன். தம்பியின் துணிக்கடையில் காசு மேசைக்குப் பக்கத்தில் நானா இருந்தார். தொப்பி போட்டிருந்தார், கந்தோரில் போடுவதில்லை. என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரையைத் தந்தார். தம்பியின் பிள்ளைகளிடம் இவதான் எங்கட கந்தோர் மிஸ் என்று சொல்லி, ஐஸ் போட்ட பலூடா வாங்கி வரச் செய்தார்.

"அந்த மடுல்கெல்ல ஆளைக் கண்டீங்களா?"

"கண்டேன். கொப்பி தந்தாரு."

"அப்ப கெடச்சிதா தங்கச்சி, அந்த ஆறு வருஷம்?"

கடையில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு பெண் துணியை விரித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் குடுத்ததுதான் நானா எனக்கும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் பொய்யை அவர் நம்பினாரா என்று தெரியாது. இருபத்தைந்து வருடம், கடன்காரர்களின் வாசலில் நின்று முகம் பார்த்துப் பழகியவர்.

"பரவாயில்ல. அல்லாஹ் வேற வழி தருவான்" என்றார். "ஒங்களுக்காவது கெடைக்கணும் எண்டு நான் துஆ கேட்டேன்."

பலூடாவை முழுதாகக் குடிக்க என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, அவர் பெயரில் தொழில் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எனக்குக் கிடைத்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அவர் வேலை செய்த ஆறு வருடம், பெயர்ப்பலகை இல்லாத அந்த மாதம், அந்த மாதத்தில் அவர் வைத்த கையெழுத்து, இவ்வளவுதான். தாமதமானாலும் கேட்கலாமா என்று அந்த அதிகாரியிடம் விசாரித்தேன். கேட்டுப் பார்க்கலாம், உறுதி சொல்ல மாட்டேன் என்றார். ஒப்பந்தப் பிரதியையும் கடிதத்தோடு இணைத்து, கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அவருக்குத் தபாலில் அனுப்பினேன். சொற்களை எளிமையாக எழுத நாலு தடவை திருத்தினேன். யாரும் அர்த்தம் கேட்க வேண்டியிருக்கக் கூடாது.

கிடைத்தது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஜஸாக்கல்லாஹ் என்று நன்றியும் போட்டிருந்தார். அவர் அதில் கையெழுத்திட்டாரா, கொண்டுபோய்க் கொடுத்தாரா என்று தெரியாது. கேட்பதற்காக இரண்டு தடவை தொலைபேசியை எடுத்தேன். கேட்டால் என் கணக்கையும் அவர் கேட்பார். இப்போது கண்டியில் ஒரு நொத்தாரிசிடம் கிழமைக்கு மூன்று நாள் காணி உறுதிகளை மொழிபெயர்க்கிறேன். மற்ற நாட்களில் வீட்டில் இருக்கிறேன்.